மூளி மூக்கு

அறுவைக்கு முன்னால் நோயாளிகள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: திரும்பக் கண் விழிப்பேனா? மயக்க மருந்து கொடுப்பது என் தொழில் என்பதால் அதற்கு ஒரு பதில் எப்போதும் வாயில் தயாராக இருக்கும். கோல சிலாங்கூர் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை, ஒரு பெண் வேறு கேள்வி கேட்டாள்.

"டாக்டர், எனக்குக் கொற ஒன்னும் இல்லன்னா, வெளிய வந்து கொஞ்சம் சத்தமா சொல்லுவீங்களா? எங்க அத்தைக்குக் காதுல விழணும்."

அத்தை என்றது மாமியாரை. கல்யாணமாகி நாலு வருடமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. புருஷன் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். வயிற்றில் சின்னத் துளை போட்டு, உள்ளே கேமரா விட்டு, கருப்பையும் குழாய்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைக்கு வந்திருந்தாள். எங்களுக்கு அது காலையில் முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற வேலை. அவளுக்கு அது கோர்ட்டுத் தீர்ப்பு. குறை என்று வந்தால், பாகான் நக்கோடா ஓமார் போகிற வழியில் இருக்கும் தாய்வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டு, மகனுக்கு வேறு பெண் கட்டுவதென்று மாமியார் முடிவு செய்திருந்தார்.

"பொண்ணுகூட பாத்துட்டாங்க டாக்டர். ஈஜோக் பக்கமாம்" என்றாள். பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

புருஷனைச் சோதித்தார்களா என்று கேட்டேன். அந்தக் காலையில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"அவருக்கா? போன வருஷமே டப்பா குடுத்தாங்க, டெஸ்டுக்கு. அத்தை அதுல கிராம்பு போட்டு வெச்சிருக்காங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் எரிச்சலும் வந்தது. நானும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். எங்கள் ஆட்களின் அருமை பெருமைகளைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். குழந்தை இல்லையென்றால் பெண்ணை அறுத்துப் பார்ப்பார்கள், ஆணிடம் ஒரு டப்பாவை நீட்டினால் குடும்ப மானம் போய்விடும். இந்தக் கணக்கை நான் பத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அறுவைக்கு முதல் நாளே வார்டில் மாமியாரைப் பார்த்தேன். கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். நோயாளி பக்கத்தில் நின்றிருந்தாள். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். ஆஸ்துமா உண்டா? இல்லை. மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? எல்லாம் ஒத்துக்கும், தின்னுவா. நான் "அம்மா, நான் அவளைக் கேட்டேன்" என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அறுவைக்கு வரும்போது உடம்பில் பொட்டுத் தங்கம் இருக்கக்கூடாது என்று தாதி சொல்லியிருந்தாள். தாலியைக் கழற்றித் தரச் சொன்னதற்குக்கூட மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, கழற்றி வாங்கிக்கொண்டார். மூக்குத்திக்குத்தான் சண்டை. ஒற்றைக்கல் வைரம். அவருடைய மாமியார் அவருக்குப் போட்டது, கல்யாணத்தன்று இவர் இவளுக்குப் போட்டது. மருமகள் மூளி மூக்கோடு படுத்துக் கிடக்க முடியாது, அது குடும்பத்துக்கு ஆகாது என்றார். தாதியும் விடவில்லை. கடைசியில் நாளைக் காலையில் தானே கழற்றிவிடுவதாகச் சொன்னார்.

சொன்னபடி கழற்றியிருந்தார். அறுவைக்கூடத்தில் தாதி காது, கழுத்து, மூக்கு, கால்விரல் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாள். நானும் பார்த்தேன். இடது மூக்கில், மூக்குத்தி இருந்த இடத்தில், எள் அளவுக்குப் பழுப்பாக ஒரு புள்ளி. மூக்குத்தித் தழும்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நரம்பில் மருந்து ஏறும்போது "சத்தமா, டாக்டர்" என்று மறுபடி சொன்னாள். பாதிச் சொல்லில் கண் சொருகியது. பிறகு தசைகளைத் தளரவைக்கும் மருந்து. அது ஏறிவிட்டால் நோயாளி தானாக மூச்சு விட முடியாது. தொண்டையில் குழாய் போடும்வரை அவள் மூச்சு என் கையில். முகத்தில் மாஸ்க்கை வைத்து இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பையை அழுத்திக் காற்றுக் கொடுப்பேன். மாஸ்க் தளர்ந்தால் காற்று பக்கவாட்டில் போய்விடும், அதனால் அழுத்தித்தான் பிடிக்க வேண்டும். என் பிடி உடும்புப்பிடி. என்னோடு நெடுநாள் வேலை செய்யும் மலாய்க்கார உதவியாளர் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்.

மாஸ்க் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே தெரியும். அதில் சிவப்பாக ஒரு துளி விழுந்தது. நான் பையை அழுத்தினேன், துளி குமிழியானது. இன்னொரு முறை அழுத்துவதற்குள் மாஸ்க்கின் அடி முழுக்கச் சிவந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் இடது மூக்கிலிருந்து குழாயைத் திறந்துவிட்டதுபோல் ரத்தம்.

மூக்கில் ரத்தம் வருவது எங்கள் ஊரில் ஒரு பெரிய விஷயமே இல்லை. வெயிலில் விளையாடினால் வரும், சூடு என்பார்கள், தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். விழித்திருக்கிறவனுக்கு அது சின்ன விஷயம்தான். குனிவான், துப்புவான், இருமுவான். மயக்கத்தில் மல்லாந்து கிடக்கிறவளால் விழுங்கவும் முடியாது, இருமவும் முடியாது. வெளியே வருவது கொஞ்சம்தான், மீதி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து மூச்சுக்குழாய்க்கு விரற்கடை தூரம். தன் ரத்தத்திலேயே ஒருத்தி சத்தமில்லாமல் மூழ்கிப்போகலாம். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மூக்கில் கொஞ்சம் ரத்தம் என்றுதான் தெரியும்.

அறுவை செய்யவிருந்த டாக்டருக்கும் அப்படித்தான் தெரிந்தது. கை கழுவி, அங்கி போட்டு, கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். "மூக்குதானே? எனக்கு வேண்டியது வயிறு. ஆரம்பிக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவள் மூச்சுக்கு வழி பண்ணிய பிறகு வயிற்றைத் தருகிறேன். அதுவரை வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்" என்றேன். எனக்கு வாய் நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் நின்றார்.

கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினோம், ரத்தம் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகாமல் மூக்குப் பக்கமே தேங்கட்டும் என்று. உறிஞ்சுகுழாயை வாய்க்குள் விட்டேன். விளக்கு வைத்த கருவியால் நாக்கைத் தூக்கிப் பார்த்தால் தொண்டை எங்கே, மூச்சுக்குழாய் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. ஒரே சிவப்பு. உறிஞ்ச உறிஞ்ச நிறைந்தது. இதற்குள் இயந்திரத்தின் ஒலி இறங்க ஆரம்பித்துவிட்டது. ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய அந்த ஒலி கனத்துக்கொண்டே போகும். எங்கள் தொழிலில் எல்லாரும் பயப்படும் ஒலி அது. மறைப்பானேன், நானும் பயந்துதான் போனேன்.

உதவியாளரிடம் அவள் நெஞ்சை ஒரு முறை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். ரத்தக் குட்டைக்குள் ஒரு குமிழி எழுந்தது. காற்று வருகிற இடம்தான் மூச்சுக்குழாய். கண் எடுக்காமல் அந்த இடத்துக்குள் குழாயைச் செலுத்தி, அதன் நுனியில் இருக்கும் சின்னப் பலூனை ஊதினேன். இனி ரத்தம் நுரையீரலுக்கு இறங்காது. ஒலி கொஞ்ச நேரம் அடித்தொண்டையிலேயே கிடந்தது. பிறகு மெல்ல ஏறியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் மூக்கு நிற்கவில்லை. மூக்கில் ரத்தம் வந்தால் மூக்கின் மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். பிடித்தேன். ரத்தம் கூடியது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன், இன்னும் கூடியது. வைத்தியம் பார்க்கப் பார்க்க நோய் வளர்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரத்தம் உறையாத நோயா, சொல்லாமல் விட்ட மாத்திரை ஏதாவதா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. மூன்றாம் முறை அழுத்தியபோது கையுறையைத் தாண்டி என் விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

தழும்பு குத்தாது. விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்து இடுக்கியால் அந்தப் பழுப்புப் புள்ளியைப் பிடித்து இழுத்தேன். ஈர்க்கு வந்தது. துடைப்பத்து ஈர்க்கு. மூக்குத்தித் துளைக்குள் செருகி, வெளியே தெரியாமல் தோலோடு தோலாக நறுக்கி, மேலே பவுடரும் பூசியிருந்தது.

எனக்கு நொடியில் விளங்கிவிட்டது. மூக்குத்தியைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்கு செருகிக்கொள்வது நம் பெண்கள் வழக்கம். எங்கள் லயத்தில் மூக்குத்தி அடகுக்குப் போன வீட்டையெல்லாம் அந்த ஈர்க்கை வைத்தே சொல்லிவிடலாம். வெளியே நறுக்கத் தெரிந்த கை உள்ளே நீளமாக விட்டிருந்தது. மாஸ்க்கை வைத்து நான் அழுத்தியபோது உள்முனை மூக்கின் நடுச்சுவரில் ஏறியிருக்கிறது. மூக்கிலேயே ரத்தம் அதிகம் ஓடுகிற இடம் அது. பிறகு வைத்தியம் என்று நான் பிடித்த ஒவ்வொரு பிடியும் அதை இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கிறது.

கையில் வந்தது பாதிதான். முனை ஒடிந்திருந்தது. மீதி எங்கே? தொண்டைக்குள் விழுந்து, குழாய் போடுவதற்கு முன்பே மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் நுரையீரலில் சீழ் கட்டும். தொண்டை முழுக்க உறிஞ்சித் தேடினோம். உறிஞ்சிய ரத்தத்தை வடிகட்டித் தேடினோம். கடைசியில் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது நடுச்சுவரில் முள் மாதிரி நின்றிருந்தது. பிடுங்கி, ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தில் நனைத்த துணியை உள்ளே திணித்ததும் நின்றுவிட்டது.

அறுவையை ஒத்திப்போடலாமா என்று பேசினோம். மூச்சு பத்திரமாக இருந்தது, ரத்த அழுத்தம் நன்றாக இருந்தது, வயிற்றுக்குள் இறங்கியிருந்த ரத்தத்தையும் எடுத்தாயிற்று. இன்னொரு நாள் என்றால் இவளைத் திரும்ப அனுப்புவார்களோ மாட்டார்களோ. செய்யுங்கள் என்றேன். டாக்டர் கேமராவை விட்டார். கருப்பையில் செலுத்திய நீலச் சாயம் இரண்டு குழாய்களிலும் தாராளமாக வழிந்தது. "புத்தகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது" என்றார். என் வீட்டுப் பெண் பரீட்சையில் தேறிய மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மயக்கம் தெளிகிற நேரத்தில் மனிதர்கள் பொய் சொல்வதில்லை. அதற்கு வேண்டிய அறிவு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். மூக்கில் குச்சி வைத்தது யாரென்று அவள் காதருகில் கேட்டேன்.

"அத்தை" என்றாள் கண் திறக்காமல். "பாத்ரூம்ல வெச்சு... வெளக்கமாத்துல ஒடிச்சாங்க. மூளியா போவக் கூடாதாம்."

"வலிச்சுதா?"

"கத்தக் கூடாதுன்னாங்க. டாக்டருகிட்டயும் சொல்லக் கூடாதாம்."

வெளியே போனேன். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகன் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் சத்தமாகவே சொன்னேன். வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

"உங்க மருமகளுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு. இனி டெஸ்ட் பண்ண வேண்டியது உங்க மகனத்தான்."

மகன் கைபேசியைப் பைக்குள் வைத்தான். தரையைப் பார்த்தான். மாமியார் அவசரப்படவில்லை. வாயில் இருந்ததை விழுங்கி, விரலைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்புறம் ஏன் டாக்டர் இவ்ளோ நேரம்? உள்ள ரத்தமா கொட்டுச்சாமே, நர்ஸ் சொல்லுச்சு. சும்மா படுத்திருக்கறப்பவே ரத்தம் கொட்டுற ஒடம்புல எப்படி லா புள்ள தங்கும்?"

அந்த மூளையை நான் மனதுக்குள் பாராட்டினேன். ஒரு தீர்ப்பு தோற்றதும் அடுத்ததைத் தயாராக வைத்திருக்கிறது. துணியில் மடித்து வைத்திருந்த ஈர்க்கைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ரத்தம் இதனால வந்துச்சு. நீங்க வெச்ச குச்சி. கொஞ்சம் தப்பியிருந்தா இந்நேரம் பொணத்ததான் வாங்கிட்டுப் போயிருப்பீங்க."

அவர் அதைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "நான் எதுக்கு வெக்கிறேன்? அவளே வெச்சிருப்பா."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற வேகத்தில் சாயங்காலம் அம்மாவையும் மகனையும் அவள் கட்டிலுக்கே வரச் சொன்னேன். மூக்கில் துணி திணித்து, முகம் வீங்கி, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு அழுது முடித்த கண்.

"யாரு வெச்சதுன்னு இவங்க முன்னால சொல்லும்மா. பயப்படாத. நான் இருக்கேன்" என்றேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் சொட்டுச் சொட்டாக இறங்குகிற உப்புநீர்ப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் டாக்டர் வெச்சேன்" என்றாள்.

"காலைல என்கிட்ட என்ன சொன்ன?"

"மயக்கத்துல ஏதோ சொல்லியிருப்பேன்."

மாமியார் கட்டில் விளிம்பில் நிதானமாக உட்கார்ந்தார். "பாத்தீங்களா? டாக்டரையே ஏமாத்தியிருக்கா. நாலு வருஷமா நான் படுற பாடு இதுதான். கேட்டுக்கடா" என்றார். மகன் தலையை ஆட்டினான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமியார் உடைத்த குடத்தையும் மருமகளே உடைத்ததாக ஒப்புக்கொண்டு நிற்கிறாள். நான் என்ன செய்ய?

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து மூக்குத்தியை எடுத்தார். சேலையில் துடைத்தார். வீங்கிக் கிடக்கிற அந்த மூக்கை நோக்கிக் கை போனது.

"காயம் ஆறுற வரைக்கும் அதத் தொடக் கூடாது" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் கையை இழுத்துக்கொண்டார். கல்லை வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி முடிந்துகொண்டார். "சரி டாக்டர், போடல. இது யாருக்குப் போவணுமோ அவளுக்குப் போட்டுக்கறேன்."

அந்தப் பெண் இமைகூட அசைக்கவில்லை. நான்தான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன். வரும் வழியில் உதவியாளர் ஏதோ கேட்டார், அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமியார் மருந்து வாங்க வரிசையில் நின்றார், புருஷன் காரை எடுக்கப் போயிருந்தான். மூக்கிலிருந்த துணியை நானே எடுத்தேன். ரத்தம் இல்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம், நீ ஏன் பொய் சொன்னாய், உன்னால் நான் பொய்க்காரியாகி நின்றேன் என்று கோபமாகத்தான் கேட்டேன்.

அவளுக்கு என் மேல் கொஞ்சம் பரிதாபம் வந்ததுபோல் இருந்தது.

"உண்மைய சொல்லியிருந்தா அத்தைக்கு மானம் போயிருக்கும் டாக்டர். நேத்தே அனுப்பியிருப்பாங்க. பொய்க்காரின்னா அப்படி இல்ல. திட்டணும், சொந்தக்காரங்கள கூப்பிட்டுச் சொல்லணும், எங்கம்மாவ வரவெச்சுக் கேக்கணும். கொஞ்ச நாள் ஆவும். அதுவரைக்கும் வீட்டுலதான இருப்பேன்?"

கீழே கார் ஹார்ன் அடித்தது. மூக்கைச் சிந்தாதே, கனமாக எதையும் தூக்காதே என்றேன். சரி டாக்டர் என்று சொல்லிவிட்டுத் தன் பையையும், மாமியார் விட்டுப்போன பையையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.